நாற்பதைத் தாண்டித் துறை மாறுகிறவர்களுக்கு: வயதுத் தடையைக் கடந்து வேலை தேடும் வழி

வேலை விளம்பரத்தின் கடைசி வரியில் ‘வயது 35க்குள்’ என்று இருக்கிறது. உங்களுக்கு நாற்பத்தேழு. பழைய தொழிலை விட்டாகிவிட்டது, புதிய தொழிலுக்கான படிப்பையும் முடித்தாகிவிட்டது. இனி என்ன செய்வது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியோடு நிற்பவர்கள் ஏராளம். 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது. 2022இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றது. இவை செய்தித்தாளில் வந்தவை. செய்தியில் வராமல் மூடப்பட்ட நூற்பாலைகளும் அச்சகங்களும் எத்தனையோ. உடம்பு ஒத்துழைக்காமல் ஷிஃப்ட் வேலையை விட்டவர்கள், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு மீண்டும் வேலைக்கு வர நினைக்கும் பெண்கள் என்று பட்டியல் நீளும்.

நான் ஆட்சேர்ப்புப் பணியில் இருப்பவன். தகுதி இருந்தும் பிறந்த ஆண்டைப் பார்த்ததுமே விண்ணப்பங்கள் ஒதுக்கப்படுவதைக் கண்ணெதிரே பார்த்து வருகிறேன். அது அநியாயம். இருபது வருடம் ஒரு தொழிலைப் பிழையில்லாமல் செய்தவரை, வேறு தொழிலைக் கற்றுக்கொள்ள மாட்டார் என்று முடிவு கட்ட எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் வயது என்ற தடை எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இல்லை. முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களின் விண்ணப்பங்களைக் கணினியில் வடிகட்டும் இடத்தில் அது மிக உயரம். வேலையை முடித்துக் கொடுக்க ஆள் கிடைக்காமல் தவிக்கிற ஒரு முதலாளியின் எதிரில் பெரும்பாலும் முழங்கால் உயரம்தான். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இந்த இரண்டாவது இடத்தில் செலவிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிமுறைகள்தான்.

முதல் படி: சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்?

தனியார் நிறுவனம் வயதைக் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கும் பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியல் சாசனத்தின் 15, 16ஆம் பிரிவுகள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. அந்தப் பட்டியலில் வயது இல்லை. வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும் 16ஆம் பிரிவும் அரசுப் பணிகளுக்கு உரியது. அமெரிக்காவில் நாற்பது வயதைத் தொட்டவர்களைப் பாதுகாக்க 1967லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்திலும் வயது இடம்பெற்றிருக்கிறது. நம் நாட்டில் ‘35க்குள்’ என்று வெளிப்படையாக அச்சடித்தாலும் யாரும் கேட்க முடியாத நிலைதான் நீடிக்கிறது. இது மாற வேண்டும்.

பொது அமைப்புகள் போடும் விதி என்றால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். 45 வயதைத் தாண்டியவர்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்று இந்திய பார் கவுன்சில் ஒரு விதி கொண்டுவந்திருந்தது. வேறு பணிகளில் இருந்துவிட்டு வக்கீல் தொழிலுக்கு வருகிறவர்களைத் தடுக்கும் விதி அது. 1995இல் உச்ச நீதிமன்றம், அந்த விதி தன்னிச்சையானது, சமத்துவ உரிமை தரும் 14ஆம் பிரிவுக்கு எதிரானது என்று ரத்து செய்தது. ஐம்பது வயதில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு முதல் வழக்குக்குப் போகிறவர்களை இன்று நீதிமன்ற வளாகங்களில் பார்க்கிறோம் என்றால் அதற்குப் பின்னால் அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

அரசு வேலையையும் இங்கேயே பேசிவிடலாம். வயது போய்விட்டது என்று விசாரிக்காமலே ஒதுங்குகிறவர்கள் நிறைய. பத்தாம் வகுப்பைக் குறைந்தபட்சத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 பதவிகள் பலவற்றுக்கு, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் அதைவிடக் கூடுதலாகப் படித்திருந்தால் வழக்கமான உச்ச வயது வரம்பு பொருந்தாது. ஓய்வு வயதான அறுபதை எட்டாமல் இருந்தால் போதும். அரசுப் பள்ளி ஆசிரியர் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பு 2023இல் பொதுப் பிரிவினருக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்த்தப்பட்டது. விண்ணப்பிக்கும்போது அந்தந்த அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். என் கருத்து ஒன்று: நாற்பத்தைந்துக்கு மேல் வருமானம் எதுவும் இல்லாமல் பயிற்சி மையத்திலேயே வருடக்கணக்கில் உட்கார வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.

இரண்டாம் படி: பழைய வேலையின் கணக்கை ஒழுங்காக முடியுங்கள்

வேலை போன வருத்தத்தில் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். பிறகு மூன்று வருடம் கழித்து அலைகிறார்கள்.

நிறுவனம் ஆட்குறைப்பு செய்யும்போது, மனிதவளப் பிரிவில் ராஜினாமாக் கடிதம் ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது சகஜம். உடனே போட்டுவிடாதீர்கள். சட்டப்படி ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருகிற ஒருவரை ஆட்குறைப்பு செய்தால், முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் இழப்பீடாகத் தர வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு அந்த இழப்பீடு கிடையாது. இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடமோ கடிதத்தைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

ஐந்து வருடத் தொடர் பணி முடித்திருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசி மாத அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் ஊதியம், பன்னிரண்டு வருடப் பணி என்றால் 1,80,000 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். புதிய துறையில் முதல் சம்பளம் வரும்வரை வீட்டுச் செலவைத் தாங்கப்போகும் பணம் இது. படிப்புக் கட்டணத்துக்கு மொத்தமாகக் கரைத்துவிடாதீர்கள்.

வருங்கால வைப்பு நிதியில் இன்னும் கவனம் தேவை. அதோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற மொத்தம் பத்து வருடப் பணி வேண்டும். எட்டு வருடம் முடித்த ஒருவர் பணமுடை என்று ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால், அந்த எட்டு வருடமும் கணக்கிலிருந்து போய்விடும். நாற்பத்தெட்டில் புதிய வேலைக்குச் சேர்ந்து முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். எடுக்காமல் விட்டால், அல்லது 10சி படிவத்தில் திட்டச் சான்றிதழ் (இதுவரை முடித்த பணி வருடங்களுக்கான சான்று) வாங்கி வைத்துக்கொண்டால், புதிய வேலையில் இரண்டு வருடம் முடித்தாலே பத்து ஆகிவிடும். வைப்பு நிதித் தொகையை எடுப்பதும் ஓய்வூதியப் பங்கை எடுப்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். விண்ணப்பிக்கும் பக்கத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள்.

நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். சர்க்கரையோ இரத்தக்கொதிப்போ இருக்கிற வயது இது. புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம்வரை காத்திருக்கச் சொல்லலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் பழைய வருடங்களும் கணக்கில் சேரும். வேலையை விடும் முன்பே இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

கடைசியாக, பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. நிறுவனமே மூடப்படுகிறது என்றால் கதவு சாத்தும் முன் வாங்கிவிடுங்கள். பிறகு கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார்.

மூன்றாம் படி: பணம் கட்டும் முன் வேலையை விசாரியுங்கள்

துறை மாறுகிறவர்கள் வழக்கமாக முதலில் ஒரு படிப்பில் சேர்கிறார்கள், முடித்த பிறகு வேலையைத் தேடுகிறார்கள். வயது கூடியவர்களுக்கு இந்த வரிசை ஆபத்தானது. சில தொழில்களில் இருபத்திரண்டு வயதுக்காரர்களைக் கூட்டமாக எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலை வாங்குகிறார்கள். அங்கே எவ்வளவு படித்துக்கொண்டு போனாலும் ஐம்பது வயதுக்காரருக்கு இடம் கிடைப்பது மிகவும் கடினம். வேறு சில தொழில்களில் வயது நம்பிக்கையைத் தருகிறது. சிறு நிறுவனங்களின் கணக்கு, ஜிஎஸ்டி வேலை, மருத்துவமனைக் கிடங்கும் நிர்வாகமும், குடியிருப்பு வளாகப் பராமரிப்பு, தரப் பரிசோதனை, கொள்முதல், விடுதிக் காப்பாளர், காப்பீட்டு முகவர், தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் போன்றவை அந்த வகை.

பயிற்சி நிறுவனம் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்களிடம் படித்து வேலைக்குப் போன, நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரோடு நான் பேச முடியுமா?” ஒருவரைக்கூடக் காட்ட முடியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். அதன் பிறகு, அந்த வேலையை இப்போது செய்துகொண்டிருக்கிற இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் வயதில் யாராவது புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களா, காலையில் எத்தனை மணிக்கு வருகிறார்கள், நின்றுகொண்டே செய்கிற வேலையா, முதல் வருடச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். டீக்கடையில் பத்து நிமிடம் பேசினாலே கட்டணச் சீட்டில் இல்லாத பல உண்மைகள் தெரிந்துவிடும்.

நான்காம் படி: பயோடேட்டாவைத் திருத்துங்கள்

திருத்துங்கள் என்பதைவிட, புதிதாக எழுதுங்கள் என்று சொல்வதே சரி. என்னிடம் வரும் விண்ணப்பங்களில் பாதி, பழைய வேலைக்காக எழுதப்பட்டவை.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் ஒருவர், மருத்துவமனையில் மருந்து, உபகரணக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற விரும்பினார். பொருள் மேலாண்மையில் சான்றிதழ்ப் படிப்பும் முடித்திருந்தார். அவருடைய பயோடேட்டா இப்படித் தொடங்கியது: ‘நூற்பாலைத் துறையில் 22 ஆண்டுகள் அனுபவம் வாய்ந்த மூத்த மேற்பார்வையாளர்.’ அடுத்த பாதிப் பக்கம் முழுக்கக் கார்டிங், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் இயந்திரங்களின் பெயர்கள். கடைசியில் தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, ‘மேற்கூறிய அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்’ என்ற வரி, கையெழுத்து.

இதைப் படிக்கிற மருத்துவமனை மேலாளர் என்ன நினைப்பார்? ‘வயதானவர், மில்காரர், நமக்குச் சம்பந்தம் இல்லை.’ மூன்று நொடியில் முடிந்துவிடும்.

அந்த 22 வருடத்தில் அவர் உண்மையில் என்னென்ன செய்தார் என்று உட்கார்ந்து பேசினோம். இயந்திர உதிரிபாகக் கையிருப்பு அவர் பொறுப்பில் இருந்திருக்கிறது. எந்தப் பாகம் எத்தனை நாளில் தீரும் என்று கணக்குப் போட்டு, தீரும் முன் ஆர்டர் கொடுத்து, வந்த சரக்கை பில்லோடு ஒத்துப்பார்த்து, கம்ப்யூட்டரில் பதிவேற்றியிருக்கிறார். இரவு ஷிஃப்டில் அவசரமாக ஒரு பாகம் கேட்டால் கொடுத்துவிட்டுக் காலையில் கணக்குச் சரிசெய்திருக்கிறார். மருத்துவமனைக் கிடங்கிலும் இதேதான் வேலை. காலாவதித் தேதி ஒன்றுதான் கூடுதல். புதிய பயோடேட்டாவின் முதல் வரிகள் இப்படி ஆயின: ‘கிடங்கு, கையிருப்பு நிர்வாகம். பொருள் மேலாண்மைச் சான்றிதழ். மூன்று ஷிஃப்ட் இயங்கும் ஆலையில் உதிரிபாகக் கையிருப்பு, மறு ஆர்டர், பில் சரிபார்ப்பு, கணினிப் பதிவு. இரவுப் பணிக்கும் உடனே சேரவும் தயார்.’ ஒரு வரிகூடப் பொய் இல்லை. இயந்திரப் பெயர்கள் எல்லாம் போய்விட்டன.

உங்கள் பயோடேட்டாவிலும் இதைத்தான் செய்ய வேண்டும். புதிதாகக் கற்றது முதலில் வரட்டும். பழைய வேலையிலிருந்து, புதிய வேலைக்குப் பயன்படுகிறதை மட்டும் எடுத்து, புதிய துறைக்காரர்கள் பேசுகிற சொற்களில் எழுதுங்கள். கடைசிப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய வேலைகளை ஒரே வரியில் சுருக்கலாம், விட்டும்விடலாம். பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு தேவையில்லை. பிறந்த தேதி, மதம், திருமண நிலை, உறுதிமொழி எதுவுமே தேவையில்லை. இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள்.

இதில் ஒரு எல்லை உண்டு. பிறந்த தேதியை எழுதாமல் விடுவது உங்கள் உரிமை. தவறாக எழுதுவது பொய். விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் உண்மையைத்தான் எழுத வேண்டும். ஆதார், பான் அட்டை, வைப்பு நிதிக் கணக்கு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. சேர்ந்த பிறகு பொய் என்று தெரிந்தால் அதைக் காரணம் காட்டியே வெளியே அனுப்பலாம். தலைக்குச் சாயம் பூசுவதா வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். அது உங்கள் விருப்பம். துவைத்துத் தேய்த்த சட்டையும் நேரத்துக்கு வந்து சேர்வதும் அதைவிட முக்கியம்.

ஐந்தாம் படி: எங்கே தேடுவது?

வேலைவாய்ப்புத் தளங்களில் பதிவு செய்யுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். பல தளங்கள் பிறந்த தேதியைக் கேட்கின்றன. ஆட்தேடுகிறவர் வயதையோ அனுபவ ஆண்டுகளையோ வைத்து வடிகட்டினால் உங்கள் பெயர் அவர் கண்ணுக்கே வராது. ‘0–2 ஆண்டு அனுபவம்’ என்று வடிகட்டினாலும் அதே கதிதான். நாளில் ஒரு மணி நேரம் இதற்குப் போதும். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்பு சேவைத் தளத்திலும், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்புத் தளத்திலும் கட்டணமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். மாவட்ட வேலைவாய்ப்பு, தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் தனியார் துறை முகாம்களை நடத்துகின்றன. அந்த முகாம்களின் நன்மை, முதலாளியின் பிரதிநிதி நேரில் உட்கார்ந்திருப்பார் என்பதே. காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் பெருகி, அவர்களும் களைத்துப்போய், வயதையும் மதிப்பெண்ணையும் மட்டும் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கென்று ‘சேக்ரட்’ என்ற தளத்தை மத்திய அரசு 2021 அக்டோபரில் தொடங்கியது. பெண்கள் இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருவதற்கென்றே சில பெரிய நிறுவனங்கள் தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. டாடா குழுமம் 2008இல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. பயோடேட்டாவில் இடைவெளி இருப்பதே அங்கே நுழைவுத் தகுதி என்பதால், வேறு இடங்களைவிட அங்கே முதலில் விண்ணப்பியுங்கள்.

மீதி நேரம் முழுவதும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு. அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம், ஓசூர், கோவையின் குறிச்சி, பீளமேடு, திருப்பூர் என்று தொழிற்பேட்டை இல்லாத பெரிய ஊர் இல்லை. இங்கெல்லாம் முடிவெடுப்பவர் முதலாளியோ அவருடைய நம்பிக்கைக்குரிய மேலாளரோதான். அவர்களுடைய முதல் தலைவலி, சேர்ந்த பையன் ஆறு மாதத்தில் வேறு இடம் தாவிவிடுகிறான் என்பது. நிலையாக இருப்பேன் என்று நீங்கள் சொல்லும்போது அவர் காது கொடுத்துக் கேட்பார்.

அங்கே போகும் வழி, தெரிந்தவர்கள். சிபாரிசு கேட்பது இழிவு என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குச் சரக்கு சப்ளை செய்தவர், லாரி அனுப்பியவர், தணிக்கைக்கு வந்தவர், கூட வேலை பார்த்துவிட்டு வேறு நிறுவனம் போனவர், குடியிருப்போர் சங்கத்தில் பழக்கமானவர் என்று ஐம்பது பேர் பெயரையாவது எழுதுங்கள். “ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று கேட்காதீர்கள். அதற்கு யாராலும் உதவ முடியாது. “மருத்துவமனைக் கிடங்கு வேலைக்கு மாறுகிறேன், அந்த வேலையை நடத்துகிறவர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும். அந்தப் பெயரிலிருந்து இன்னொன்று வரும்.

வேலைக்கு முன்பணம், பதிவுக் கட்டணம், பாதுகாப்பு வைப்பு என்று யார் கேட்டாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வயது கூடியவர்களின் அவசரத்தைக் குறிவைத்தே வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி, வெளிநாட்டு வேலை என்று மோசடிகள் நடக்கின்றன. இணையத்தில் பணம் இழந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

ஆறாம் படி: நேர்முகத் தேர்வில் அந்தக் கேள்வி

எதிரில் இருப்பவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. உங்கள் மகள் வயது. ‘தம்பி’, ‘பாப்பா’, ‘அம்மா’ என்று அழைத்துவிடாதீர்கள். நீங்கள் பாசத்தோடுதான் சொல்வீர்கள், ஆனால் இவரை எப்படி வேலை வாங்குவது என்ற தயக்கம் அவருக்கு அந்த நொடியில் வந்துவிடும். சார், மேடம் போதும். ‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வேண்டாம்.

வயதைப் பற்றி நேராகக் கேட்பவர்கள் குறைவு. சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். ஒரு உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

“சார், உங்கள் மேலாளருக்கு இருபத்தொன்பது வயது. அவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்ய உங்களுக்குச் சங்கடமாக இருக்காதா?”

“இல்லை மேடம். இந்தத் துறையில் அவர் எனக்கு முன்னால் வந்தவர். படிப்பை முடித்து மூன்று மாதம் ஒரு கிடங்கில் பயிற்சி எடுத்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இருபத்தாறு வயது. அவருடைய தொலைபேசி எண்ணைத் தருகிறேன், நான் எப்படி வேலை செய்தேன் என்று நீங்களே கேட்டுப் பார்க்கலாம்.”

“முன்பு வாங்கிய சம்பளத்தை எங்களால் தர முடியாதே?”

“தெரியும் மேடம். இந்த வேலைக்கு இந்த ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தேன்.”

இரண்டு பதிலிலும் ‘என்னால் முடியும்’ என்ற வெறும் உறுதி இல்லை. சரிபார்க்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. அவர்கள் மனத்தில் ஓடும் சந்தேகங்கள் நான்கு: கணினி தெரியுமா, உடம்பு தாங்குமா, சின்னவர்கள் சொல்வதைக் கேட்பாரா, வேறு நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவாரா. நான்குக்கும் சம்பவங்களோடு பதில் தயார் செய்யுங்கள். கணினிக்கு நீங்களே தயாரித்த எக்செல் தாள் ஒன்றை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம். ஏன் துறை மாறினீர்கள் என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியம் போதும். பழைய முதலாளியைத் திட்ட வேண்டாம், எவ்வளவு நியாயமான கோபமாக இருந்தாலும்.

“உங்கள் தகுதி இந்த வேலைக்கு அதிகம்” என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடாதீர்கள். “எந்த விஷயம் உங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது என்று சொன்னால் விளக்குகிறேன்” என்று பணிவாகக் கேளுங்கள். உள்ளே இருக்கும் உண்மையான காரணம் சில நேரம் வெளியே வரும், பதில் சொல்ல ஒரு வாய்ப்பும் கிடைக்கும். வயதுதான் காரணம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்புகிற இடங்களும் உண்டு. வலிக்கும். அது அவர்கள் கண்ணோட்டத்தின் குறை, உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு இல்லை. அன்றைக்கு மாலையில் மனைவியிடமோ கணவரிடமோ நண்பரிடமோ அதைச் சொல்லிவிடுங்கள். மனத்துக்குள் புதைத்துக்கொண்டு வீட்டில் முகம் கொடுக்காமல் இருப்பவர்கள்தான் தேடலையே நிறுத்திவிடுகிறார்கள்.

ஏழாம் படி: சம்பளம்

துறை மாறினால் சம்பளம் குறையும். எவ்வளவு குறைந்தால் வீடு தாங்கும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டு போங்கள். வேலை கிடைத்தால் போதும் என்று புதிதாகப் படித்து வந்தவருக்குக் கொடுக்கும் தொகைக்கே தலையாட்டினால், அடுத்த வருட உயர்வும் அந்தத் தொகையிலிருந்துதான் கணக்காகும். “முதல் ஆறு மாதம் இந்தச் சம்பளம், வேலை திருப்தியாக இருந்தால் இவ்வளவு” என்று கேளுங்கள், அதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். சிறு நிறுவனங்கள் இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன.

எட்டாம் படி: பணி நியமனக் கடிதத்தில் பார்க்க வேண்டியவை

இளைஞர்கள் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் அவர்களுக்கு நாள் இருக்கிறது. உங்களுக்கு இதில் ஒவ்வொரு வரியும் முக்கியம்.

ஓய்வு வயது 58ஆ, 60ஆ என்று பாருங்கள். 54 வயதில் சேர்ந்து 58இல் ஓய்வு என்றால் பணி நான்கு வருடம்தான், ஐந்து வருடம் நிறையாததால் பணிக்கொடை கிடைக்காது. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்பவர்களுக்கு அந்த ஐந்து வருட நிபந்தனை இல்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி ஓராண்டு முடித்தாலே பணிக்காலத்துக்கு ஏற்றபடி பணிக்கொடை உண்டு. அதனால் ஐம்பதைத் தாண்டிச் சேர்கிறவருக்கு ‘நிரந்தரம்’ என்ற பெயரைவிட, தெளிவாக எழுதிய மூன்று வருட ஒப்பந்தம் சில நேரம் லாபமாக இருக்கும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எது வேண்டும் என்று சேரும் முன்பே கேளுங்கள்.

வைப்பு நிதிக்குப் பழைய யுஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி அடையாள எண்) கொடுங்கள். புதிய எண் உருவாக்கிவிட்டால் பழைய பணி வருடங்களைச் சேர்ப்பதற்கு அலைய வேண்டியிருக்கும். வாரிசு நியமனத்தை ஆன்லைனில் முடியுங்கள். மருத்துவக் காப்பீட்டில் உங்களையும் துணையையும் எந்தத் தேதியிலிருந்து சேர்க்கிறார்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் கையில் கிடைக்கும்வரை சொந்த பாலிசியை ரத்து செய்ய வேண்டாம்.